இணையச் செய்தியும் சமய மரியாதையும்: பெங்களூரு தரும் படிப்பினை

2012-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15-ஆம் நாள் மாலை, சுதந்திர தின விழாக்கள் முடிந்து நகரம் ஓய்ந்திருந்த வேளையில், பெங்களூரு நகர் ரயில் நிலையத்தில் வழக்கத்திற்கு மாறான கூட்டம் திரண்டது. பெட்டி படுக்கைகளுடன் வந்து நின்றவர்கள் அனைவரும் வடகிழக்கு மாநிலங்களைச் சேர்ந்த இளைஞர்கள். மாணவர்கள், உணவு விடுதிப் பணியாளர்கள், காவலாளிகள், அழகு நிலையங்களில் வேலை பார்த்த பெண்கள். கௌஹாத்தி செல்லும் வண்டியில் இடம் கிடைத்தால் போதும் என்பதே அவர்களது ஒரே வேண்டுகோள். ரயில்வே நிர்வாகம் சிறப்பு வண்டிகளை இயக்க வேண்டியதாயிற்று. அடுத்த சில நாட்களில் நகரைவிட்டு வெளியேறியோர் தொகை சுமார் 30,000 என மதிப்பிடப்பட்டது.

இத்தனைக்கும் பெங்களூரில் கலவரம் ஏதும் நிகழவில்லை. மைசூரில் திபெத்திய மாணவர் ஒருவர் கத்தியால் குத்தப்பட்டது போன்ற ஓரிரு சம்பவங்கள் நடந்தது உண்மையே. ஆயினும் ஆயிரக்கணக்கானோரை ஊரைவிட்டு ஓடச் செய்தவை கைப்பேசிகளில் வந்த குறுஞ்செய்திகளும், இணையத்தில் உலவிய சில படங்களுமேயாகும். ரம்ஜான் பண்டிகை முடிந்ததும் முஸ்லிம்கள் வடகிழக்கு மக்களைப் பழிவாங்குவர் என்பதே அச்செய்திகளின் சாரம். ஒரு சமயத்தாரைத் தாக்குவோராகவும், ஒரு பிரதேசத்தாரைத் தாக்கப்படுவோராகவும் சித்திரித்த அந்தச் சில வரிகள், இரு தரப்பாருக்கும் ஒரே சமயத்தில் அநீதி இழைத்தன.

மல்லேஸ்வரத்தில் இக்கட்டுரையாளர் வசித்த அடுக்குமாடிக் கட்டடத்தின் இரவுக் காவலரும் அந்த வாரத்தில் விடைபெற்றுச் சென்றவர்களில் ஒருவர். கோக்ராஜார் மாவட்டத்தைச் சேர்ந்தவர். "இங்கே யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை, சார். ஊரிலிருந்து அம்மா போன் செய்து அழுகிறாள்" என்றார். பெங்களூரில் பிறந்த வதந்தி அசாமுக்குச் சென்று, அங்கிருந்து ஒரு தாயின் குரலாகத் திரும்பி வந்திருந்தது. அக்குரலுக்கு எந்த அரசு அறிக்கையால் மறுப்புச் சொல்ல இயலும்?

நிலத் தகராறு சமயப் போராக மாறிய விதம்

இச்சம்பவத்தின் வேரை ஆராய்வது பயனுள்ளதாகும். 2012 ஜூலையில் அசாமின் போடோ பகுதிகளில் போடோ மக்களுக்கும் வங்க மொழி பேசும் முஸ்லிம்களுக்கும் இடையே மோதல்கள் வெடித்தன. நான்கு லட்சத்திற்கும் அதிகமானோர் நிவாரண முகாம்களில் தஞ்சம் புகுந்தனர். நிலவுரிமை, குடியேற்றம், தன்னாட்சி அமைப்பில் அதிகாரப் பங்கீடு ஆகிய நீண்ட காலப் பிரச்சினைகளே இம்மோதலின் அடிப்படை. போடோ மக்களிலும் இந்து நெறியினர், கிறித்தவர், பாத்தௌ என்னும் தொன்மையான வழிபாட்டைப் பின்பற்றுவோர் எனப் பல வகையினர் உளர்.

இணையத்தில் இந்தச் சிக்கல்கள் யாவும் கழன்று விழுந்துவிட்டன. எஞ்சியவை சமயப் பெயர்கள் மட்டுமே. அத்துடன் வேற்று நாட்டுப் படங்களும் வந்து சேர்ந்தன. 2010 ஏப்ரலில் திபெத்தியர் வாழும் சீனப் பகுதியான யூஷுவில் நிகழ்ந்த நில நடுக்கத்தில் மாண்டவர்களின் சடலங்களுக்கு நடுவே பௌத்தத் துறவிகள் நின்று தொண்டாற்றும் படமொன்று, மியன்மாரில் பௌத்தர்கள் முஸ்லிம்களைக் கொன்று குவித்த காட்சியாகப் பரப்பப்பட்டது. இறந்தோருக்கு இறுதிக் கடன் ஆற்ற வந்த துறவிகள் கொலைகாரர்களாகக் காட்டப்பட்டனர். சமயத்தைத் தவறாகச் சித்திரிப்பதற்கு இதைவிடக் கொடிய உதாரணம் தேடினாலும் கிடைப்பதரிது. இந்தப் படத்தின் உண்மையை முதலில் எடுத்துக்காட்டியவர்களுள் ஒருவர் பாகிஸ்தானைச் சேர்ந்த இளம் எழுத்தாளர் என்பதும் இங்கு குறிப்பிடத்தக்கது. இத்தகைய படங்கள் பாகிஸ்தானிலிருந்து பரப்பப்பட்டதாக நமது உள்துறை அமைச்சகம் அறிவிப்பதற்குச் சில வாரங்கள் முன்னரே அவர் அதனை எழுதிவிட்டார்.

பெங்களூரில் ஓடியவர்கள் போடோக்கள் மட்டுமல்லர். மணிப்பூரியர், நாகர், மிசோக்கள் என அசாம் நிகழ்ச்சிகளுடன் தொடர்பே இல்லாதவர்களும் அஞ்சினர். வதந்தி முகத்தோற்றத்தைக் கொண்டே மக்களை வகைப்படுத்திற்று. 'முஸ்லிம்கள்' என்ற ஒரே சொல்லுக்குள் நகரின் உருது, தமிழ், மலையாளம் பேசும் பல லட்சம் மக்களும் அவ்வாறே திணிக்கப்பட்டனர். நகரின் முஸ்லிம் அமைப்புகள் வடகிழக்கு மக்களைச் சந்தித்து, அஞ்ச வேண்டாமென வேண்டிக்கொண்டன. இச்செய்தி வெளிவராமலில்லை, ஆனால் வதந்தி சென்ற வேகத்தில் அது செல்லவில்லை.

முந்தைய அனுபவங்கள்

இணையம் வருமுன் இத்தகைய துன்பங்கள் நேரவில்லை என்று எண்ணுவது சரியன்று. பெங்களூரே அதற்குச் சான்று. 1986 டிசம்பரில் ஓர் ஆங்கில நாளேட்டின் ஞாயிறு இணைப்பில் மலையாளச் சிறுகதை ஒன்றின் மொழிபெயர்ப்பு வெளியாயிற்று. கதை நபிகள் நாயகத்தைப் பற்றியதன்று. ஆனால் தலைப்பில் அவரது திருப்பெயருடன் ஓர் இழிசொல் சேர்ந்திருந்தது. கதையைப் படிக்காதவர்களும் தலைப்பைக் கேள்வியுற்றனர். பெங்களூரிலும் மைசூரிலும் மூண்ட கலவரங்களில் பதினைந்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஏடு வருத்தம் தெரிவித்தது. போன உயிர்கள் திரும்பவில்லை.

1994 அக்டோபரில் பெங்களூரு தூரதர்ஷனில் உருதுச் செய்தி ஒளிபரப்புத் தொடங்கப்பட்டபோது, மொழி குறித்த எதிர்ப்பாகத் தோன்றியது சில நாட்களில் வகுப்புக் கலவரமாக மாறிற்று. சுமார் 25 உயிர்கள் பலியாயின. உருது ஒரு மொழி. கன்னட நாட்டில் பல நூற்றாண்டுகளாகப் பேசப்பட்டு வரும் மொழி. அதனை ஒரு சமயத்தின் அடையாளமாக மட்டுமே கண்டது பார்ப்பவர்களின் குறை.

ஆயினும் அச்சு ஊடகத்திற்கும் இணையத்திற்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. 1986-இல் தவறு செய்தவர் யாரென்று தெரிந்தது. ஆசிரியர் இருந்தார், அச்சகம் இருந்தது, முகவரி இருந்தது. 2012-இல் முதற்செய்தியை எழுதியவர் யாரென்பதைக் கண்டறிவதே பெரும்பாடாயிற்று. அச்செய்தியை மேலும் பத்துப் பேருக்கு அனுப்பியவர்கள், தம்மைச் செய்தி வெளியிட்டவர்களாக எண்ணிப் பார்க்கவேயில்லை. நண்பர்களை எச்சரித்த நல்லவர்களாகவே கருதிக்கொண்டனர்.

இதன் பொருளாதாரம்

பொருளாதார மாணவர்கள் 'புற விளைவு' என்னும் கருத்தை அறிவர். ஆலையொன்று கழிவுநீரை ஆற்றில் விடும்போது அதன் கேட்டை ஆற்றங்கரையோர் அனுபவிக்கின்றனர்; ஆலையின் கணக்கேட்டில் அது செலவாக ஏறுவதில்லை. சமய வெறுப்பைக் கிளறும் செய்தியும் இத்தகையதே. அதை ஆக்குவோருக்குச் செலவு மிகக் குறைவு. பரப்புவோருக்கு இறுதிநிலைச் செலவு அநேகமாகப் பூஜ்யம். பார்வையாளர் எண்ணிக்கையைக் கொண்டு விளம்பர வருவாய் கணக்கிடப்படுவதால், கோபத்தை எழுப்பும் செய்திக்கு ஊதியமும் கிடைக்கிறது. இதன் விலையைக் கொடுத்தவர் நம் இரவுக் காவலர்: ஒரு மாதச் சம்பளம், ரயில் செலவு, திரும்பி வரும்போது வேலை இருக்குமா என்ற கவலை. ஆட்கள் இன்றித் தவித்த உணவு விடுதிகளும் பாதுகாப்பு நிறுவனங்களும் தம் பங்கிற்கு நட்டம் அடைந்தன.

சரிபார்க்கப்பட்ட செய்திக்கோ செலவு அதிகம். நிருபர் நேரில் செல்ல வேண்டும். இரு தரப்பையும் கேட்க வேண்டும். துணை ஆசிரியர் திருத்த வேண்டும். அதற்குள் வதந்தி நகரைச் சுற்றி வந்துவிடுகிறது. மட்டமான நாணயம் நல்ல நாணயத்தைப் புழக்கத்திலிருந்து விரட்டும் என்ற கிரஷாம் விதியை இங்கும் பொருத்திப் பார்க்கலாம். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு: நாணயத்தை அரசு அச்சிடுகிறது, செய்தியை அரசு மட்டுமே அச்சிட வேண்டுமென எவரும் விரும்பார். மத்திய அரசுப் பணியில் பல ஆண்டுகள் கழித்துவிட்ட இக்கட்டுரையாளரும் விரும்பவில்லை.

அரசு மேற்கொண்ட நடவடிக்கைகள்

2012 ஆகஸ்ட் 17-ஆம் நாள் மத்திய அரசு, மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்புவதை 15 நாட்களுக்குத் தடை செய்தது. ஒரே நேரத்தில் ஐவருக்கு மேல் அனுப்ப இயலாது என்பது விதி. சில நாட்களில் இந்த வரம்பு இருபதாக உயர்த்தப்பட்டது. செய்தியின் உள்ளடக்கத்தில் கைவைக்காமல் வேகத்தை மட்டும் குறைத்த ஏற்பாடு இது. ஆறு ஆண்டுகள் கழித்து, 2018 ஜூலையில், குழந்தை கடத்துவோர் பற்றிய வதந்திகளால் நாட்டின் பல பகுதிகளில் கொலைகள் நிகழ்ந்தபோது, வாட்ஸ்அப் நிறுவனமும் இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து உரையாடல்களுக்கு மேல் முன்னனுப்ப இயலாதவாறு கட்டுப்படுத்தியது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்திகளுக்கு இந்த வரம்பு ஒன்றாகக் குறைக்கப்பட்டது. மக்கள் வாயை அடைக்காமல் வதந்தியின் கால்களை மட்டும் கட்டும் இம்முறையே, இதுகாறும் முயன்றவற்றுள் குறைந்த தீங்குள்ளது எனலாம்.

மற்றொரு நடவடிக்கை அத்துணை திருப்திகரமாக இல்லை. அதே ஆகஸ்டில் முந்நூறுக்கும் மேற்பட்ட இணையப் பக்கங்களும் கணக்குகளும் முடக்கப்பட்டன. பெங்களூரில் இயங்கிவந்த இணையம் மற்றும் சமூகம் குறித்த ஆய்வு மையம் அப்பட்டியலை ஆராய்ந்தபோது, வதந்திகளை மறுத்து எழுதப்பட்ட பக்கங்களும் அதில் அடங்கியிருந்தது தெரியவந்தது. பொய்யை அகற்றும் அவசரத்தில் மெய்யும் அகற்றப்பட்டது. காலராவைத் தடுக்கக் கிணறுகளை மூடும்போது நல்ல கிணற்றையும் சேர்த்து மூடுவது போன்ற செயல் இது. பட்டியல் தயாரித்த அதிகாரிகளைக் குறை கூறுவது எளிது. இரவோடிரவாக முடிவெடுக்க வேண்டிய நெருக்கடியில் அவர்கள் இருந்தனர். ஆனால் அவசரத்தில் செய்தது பின்னர் நிதானத்தில் சரிபார்க்கப்பட வேண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஏ பிரிவு செல்லும் என 2015 மார்ச்சில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், முடக்கத்திற்கான காரணங்கள் எழுத்தில் பதிவு செய்யப்பட வேண்டியவை என்பதைச் சுட்டிக்காட்டியது. அதே தீர்ப்பில் 66-ஏ பிரிவை அது ரத்து செய்தது. எரிச்சலூட்டும் பேச்சு வேறு, வன்முறையைத் தூண்டும் பேச்சு வேறு என்பது அதன் அடிப்படை.

சட்டத்தைப் பொறுத்தவரை நமக்குப் பஞ்சமில்லை. சமய உணர்வுகளை வேண்டுமென்றே புண்படுத்துவதைத் தண்டிக்கும் 295-ஏ பிரிவு 1927-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. அது இன்று பாரதிய நியாய சன்ஹிதாவில் 299-ஆம் பிரிவாகவும், வகுப்புகளுக்கிடையே பகைமை வளர்ப்பதைத் தண்டிக்கும் பழைய 153-ஏ பிரிவு 196-ஆம் பிரிவாகவும் தொடர்கின்றன. 2021 பிப்ரவரியில் வெளியான தகவல் தொழில்நுட்ப விதிகள், இணையச் செய்தி வெளியீட்டாளர்களும் பத்திரிகை கவுன்சிலின் நெறிகளைப் பின்பற்ற வேண்டுமெனக் கூறின. பல சமயங்கள் வாழும் நாடு என்பதை மனத்திற்கொண்டு, ஒரு சமயத்தாரின் நம்பிக்கைகளையும் வழக்கங்களையும் காட்டும்போது உரிய எச்சரிக்கை வேண்டுமென நிகழ்ச்சி வெளியீட்டாளர்களுக்கும் உரைத்தன. இவ்விதிகளில் சில பகுதிகளுக்கு அதே ஆண்டு ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அரசு தன்னைப் பற்றிய செய்திகளின் மெய்ம்மையைத் தானே தீர்மானிக்க வகை செய்த பிந்தைய திருத்தத்தையும் அந்நீதிமன்றம் 2024 செப்டம்பரில் செல்லாததென அறிவித்தது. நெறி எழுதுவது ஒரு பக்கம். அதை யார் கையில் கொடுப்பது என்பதே கடினமான வினா.

பெயர் சொல்வதா, மறைப்பதா?

நமது பத்திரிகைகளில் நெடுங்காலமாக ஒரு மரபு உண்டு. வகுப்புக் கலவரச் செய்திகளில் 'ஒரு பிரிவினர்', 'மற்றொரு பிரிவினர்' என்றே எழுதுவர். மாண்டோர் எண்ணிக்கையைச் சமயவாரியாகப் பிரித்துக் காட்டுவதைப் பத்திரிகை கவுன்சிலின் நெறிகளும் ஊக்குவிப்பதில்லை. நல்ல நோக்கத்துடன் எழுந்த இம்மரபு பலமுறை தீயை அணைத்திருக்கிறது.

இணைய யுகத்தில் இதன் பயன் குறைந்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பொறுப்புள்ள ஊடகம் பெயரை மறைத்தால், பொறுப்பற்றவர் அந்த வெற்றிடத்தைத் தாம் விரும்பும் பெயரால் நிரப்புகின்றனர். ஆகவே பெயரை எப்போதும் மறைப்பது என்ற விதியைக் காட்டிலும், சமயம் செய்திக்குத் தொடர்புடையதா எனக் கேட்பதே தக்க விதியாகத் தோன்றுகிறது. திருடியவரின் சமயம் திருட்டுக்குத் தொடர்பற்றது. வழிபாட்டுத் தலமொன்று தாக்கப்பட்டால், எச்சமயத்தாரின் தலம் என்பது தொடர்புடையது; அதனை மறைப்பது பாதிக்கப்பட்டோருக்கு இழைக்கும் அநீதியுமாகும்.

2020-ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகளை இந்த அளவுகோலால் சோதிக்கலாம். அவ்வாண்டு மார்ச்சில் தில்லி நிஜாமுதீனில் கூடிய தப்லீக் ஜமாஅத் மாநாட்டினரிடையே கொரோனா தொற்று காணப்பட்டது. நோய்த்தடுப்புப் பணியாளர்களுக்கு, அம்மாநாட்டில் கலந்துகொண்டோர் யார் என்பது அவசியமான தகவல். ஆனால் அத்தகவல் சில நாட்களில் நோயைப் போர்க்கருவியாக வருணிக்கும் ஓர் இணைய முழக்கமாக மாறி, ஒரு சமயத்தார் அனைவர் மீதும் சுமத்தப்பட்டது. நோய்ப் பரவலுக்கு எந்தச் சமூகத்தையும் எந்தப் பகுதியையும் பெயர் சூட்டிக் குற்றம் சாட்டக்கூடாதென மத்திய சுகாதார அமைச்சகம் ஏப்ரல் 8-ஆம் நாள் அறிவுறுத்தியது. அதற்கு இரு நாட்கள் முன்னரே, கர்நாடகத்தின் அப்போதைய முதலமைச்சர் திரு. எடியூரப்பா, ஓரிரு நிகழ்ச்சிகளைக் கொண்டு முஸ்லிம் சமூகம் முழுவதையும் பழிப்போர் மீது நடவடிக்கை எடுக்கப்படும் எனக் கன்னடத் தொலைக்காட்சியில் எச்சரித்திருந்தார். ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, வெளிநாட்டிலிருந்து வந்த ஜமாஅத்தினர் மீதான வழக்குகளை ரத்து செய்து, அவர்கள் பலிகடாக்கள் ஆக்கப்பட்டதாகக் கருத்துரைத்தது. தீர்ப்பு வந்தபோது, மார்ச்சில் அலறிய பக்கங்களில் எத்தனை அதே எழுத்தளவில் திருத்தம் வெளியிட்டன? ஊடக நேர்மைக்கு இதுவே உரைகல்.

அதே 2020 ஆகஸ்ட் 11-ஆம் நாள் இரவு, நபிகள் நாயகத்தை இழிவுபடுத்திய ஒரு முகநூல் பதிவையொட்டிப் பெங்களூரின் டி.ஜே. ஹள்ளி, கே.ஜி. ஹள்ளிப் பகுதிகளில் கலவரம் மூண்டது. சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் வீடும் காவல் நிலையமும் தீக்கிரையாயின. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மூவர் மாண்டனர். பதிவு எழுதியவர் செய்தது குற்றம். எரித்தவர்கள் செய்ததும் குற்றமே. ஒன்று மற்றொன்றை நியாயப்படுத்தாது. அதே இரவில் முஸ்லிம் இளைஞர்கள் கைகோத்து நின்று ஒரு கோவிலைக் காத்த காட்சியும் படம் பிடிக்கப்பட்டுப் பரவியது. இக்காட்சியைக் காட்டித் தீவைப்பை மறைப்பதும் பிழை; தீவைப்பைக் காட்டி இக்காட்சியை விடுவதும் பிழை. இரண்டும் ஓரிரவின் செய்திகள்.

மரியாதை என்பது மிகைப்படுத்தல் அன்று

இதுவரை கூறியவை வெறுப்பைப் பற்றியவை. சமயத்தைத் தவறாகச் சித்திரிக்கும் மற்றொரு வழியும் உண்டு. அது அன்பின் மிகுதியால் விளைவது. 1898-இல் பெங்களூரில் பிளேக் நோய் பரவியபின் குடியிருப்புப் பகுதியாக வளர்ந்த மல்லேஸ்வரம், அங்குள்ள காடு மல்லேஸ்வரர் ஆலயத்தால் பெயர் பெற்றது. இவ்வாலயத்திற்கு, பின்னாளில் தஞ்சையில் மராட்டிய அரசை நிறுவிய ஏகோஜி, கிராமமொன்றைக் கொடையாக அளித்ததை 1669-ஆம் ஆண்டுக் கல்வெட்டு தெரிவிக்கிறது. தமிழ் வாசகர்களுக்கும் உறவுடைய செய்தி இது. ஆலயத்தின் எதிரே, 1997-இல் மண்ணை அகற்றியபோது வெளிப்பட்ட நந்தி தீர்த்தம் உள்ளது. நந்தியின் வாயிலிருந்து வழியும் நீர் லிங்கத்தின் மீது விழுகிறது.

இணையப் பக்கங்கள் பலவற்றில் இத்தீர்த்தம் 7,000 ஆண்டுப் பழமையானதென எழுதப்பட்டுள்ளது. 7,000 ஆண்டுகளுக்கு முன் தென்னிந்தியாவில் கற்கோவில் எழுப்பப்பட்டதற்குச் சான்று ஏதுமில்லை. இதனை எழுதியவர்கள் ஆலயத்தைப் பெருமைப்படுத்துவதாகவே எண்ணுகின்றனர். ஆனால் மெய்யான கல்வெட்டு யார் கண்ணிலும் படாமல் போக, பொய்யான ஆண்டுக்கணக்கு ஊரெங்கும் சுற்றுகிறது. நாளை ஒருவர் அக்கணக்கை மறுத்தால், அவர் சமய விரோதி எனப்படுகிறார். அரசியலமைப்பின் 51-ஏ பிரிவில் 1976-ஆம் ஆண்டுத் திருத்தம் விதித்த அடிப்படைக் கடமைகளுள், சமய வேறுபாடுகளைக் கடந்த சகோதரத்துவமும் அறிவியல் மனப்பான்மையும் இடம்பெற்றுள்ளன. ஒன்றை விட்டு மற்றொன்றைப் பேணுவது எளிதன்று என்பதற்கு இத்தீர்த்தமே உதாரணம்.

மேலும் ஒன்று. 2011-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி கர்நாடகத்தில் முஸ்லிம்கள் ஏறத்தாழ 13 சதவீதம், கிறித்தவர்கள் 2 சதவீதத்திற்குச் சற்றுக் குறைவு, சமணர்கள் 0.72 சதவீதம். இவர்களைப் பற்றி இணையச் செய்திகள் பேசும் நாட்கள் பெரும்பாலும் பண்டிகை நாட்கள் அல்லது சச்சரவு நாட்கள். இடைப்பட்ட நாட்களில் அவர்கள் வரி கட்டுகின்றனர், பஸ்ஸில் செல்கின்றனர், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்திற்குக் கடன் வாங்குகின்றனர். மல்லேஸ்வரத்தில் சிவாலயத்திலிருந்து சிறிது தொலைவிலேயே 1934 முதல் இயங்கிவரும் புனித பேதுரு குருமடம் இருக்கிறது. அங்கு பயிலும் மாணவர்களைப் பற்றி ஒரு சாதாரண நாளில் எழுதப்பட்ட செய்தியைத் தேடிப் பார்க்கும் வாசகர், நாம் கூறுவதைத் தாமே உணர்வார்.

ரம்ஜான் 2012-இல் ஆகஸ்ட் 20-ஆம் நாள் வந்தது. பெங்களூரில் தொழுகைகள் அமைதியாக நடந்தேறின. முன்னறிவிக்கப்பட்ட தாக்குதல் எதுவும் நிகழவில்லை. சில வாரங்களில் சென்றவர்கள் பலர் திரும்பலாயினர். எங்கள் காவலரும் அக்டோபரில் வந்து சேர்ந்தார். அவரது இடத்தில் வேறொருவர் அமர்த்தப்பட்டிருந்தார். எனவே யஷ்வந்த்பூரில் ஒரு கிடங்கில், முன்பைவிடக் குறைந்த சம்பளத்தில், பணிக்குச் சேர்ந்தார்.